மூன்று வார விடுமுறையும் பத்து மாத உழைப்பும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பத்து மாதங்கள் ஒழுங்காக உடற்பயிற்சி செய்து 6 கிலோ குறைத்திருக்கிறீர்கள், இனி வரும் மூன்று வாரங்கள் விடுமுறை, பயணம், உறவினர் வீடுகள், விருந்துகள் என்று போகப்போகின்றன, சென்ற ஆண்டு இதே காலத்தில் 3 கிலோ ஏறியதோடு, அதன் பிறகு இரண்டு மாதங்கள் ஜிம் பக்கமே போகவில்லை, ஆகவே இந்த முறை எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கிறீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டாம் முறை படித்தபோது, உங்களை உண்மையில் உறுத்திக்கொண்டிருப்பது அந்த 3 கிலோவை விட, அதற்குப் பின் வந்த இரண்டு மாதங்கள்தான் என்று எனக்குத் தோன்றியது. நான் பதினெட்டு ஆண்டுகளாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன்; மருத்துவர் அல்லேன். விடுமுறை முடிந்த வாரத்தில் என்னைப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் இதே கதையைத்தான் சொல்கிறார்கள் என்பதால், பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த மூன்று வாரங்களில் உடம்பில் என்ன நடக்கிறது, என்ன நடப்பதில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டவை முதலில். அமெரிக்காவில் 195 பேரின் எடையை ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஆய்வாளர்களே நேரில் அளந்து, அதன் முடிவை 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டார்கள். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அவர்களுக்குச் சராசரியாக ஏறியது 0.37 கிலோ. எவ்வளவு ஏறியிருக்கும் என்று நினைக்கிறீர்கள் என அவர்களிடமே கேட்டபோது, சொன்ன அளவு இதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது, 2.3 கிலோவோ அதற்கு மேலோ உண்மையில் ஏறியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நிம்மதி அடைவதற்கு முன் மறுபாதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சிறிய ஏற்றம் அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. ஓராண்டு கழித்து மீண்டும் வந்து எடை பார்த்துக்கொண்ட 165 பேருக்கு அந்த ஆண்டு முழுவதற்குமான ஏற்றம் 0.62 கிலோ என்றால், அதில் பெரும்பங்கு அந்தச் சில வாரங்களில் வந்ததே என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 2016இல் அதே இதழில் வந்த மற்றொரு குறிப்பு, அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளிலும் 2,924 பேரின் எடைப் பதிவுகளைப் பார்த்து, அந்தந்த நாட்டுப் பெரிய விடுமுறைகளை ஒட்டி எடை கூடுவதைக் காட்டியது. ஆனால் வீட்டில் எடைக் கருவி வாங்கி வைத்து நாள்தோறும் பதிவு செய்பவர்கள் பொதுவான மக்களைப் போன்றவர்கள் அல்லர் என்பதால், அதன் எண்களை விட அதன் போக்கைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் உங்களுக்கு ஏன் 3 கிலோ காட்டியது என்று கேட்பீர்கள். ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பது நீண்ட காலக் கணிப்புகளுக்குச் சரியாக வராத தோராயமான கணக்கு என்றாலும், மூன்று வாரங்களுக்குப் போதும். 3 கிலோவும் கொழுப்பாகவே சேர வேண்டுமென்றால் 21 நாட்களும், ஒரு நாள் விடாமல், தேவைக்கு மேல் 1,100 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். முடியாத காரியமில்லை, ஆனால் அதிகம் பேர் அப்படிச் சாப்பிடுவதில்லை. எடையைக் குறைத்துக்கொண்டிருப்பவரின் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்து தாழ்ந்த நிலையில் இருக்கும்; விருந்து உணவு வந்ததும் அது நிரம்புகிறது; ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு இருத்திக்கொள்கிறது. அதோடு உப்புக் கூடிய உணவு நீரைப் பிடித்து வைக்கிறது. குடலில் இருக்கும் உணவின் எடையும் சேர்கிறது. இவை அனைத்தும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு கிலோ வரை இரண்டே நாட்களில் ஏற்றிக் காட்டும். வழக்கமான உணவுக்குத் திரும்பினால் ஒரு வாரத்துக்குள் இறங்கியும் விடும். நான் உங்களைப் பார்த்ததில்லை, ஆகவே இது ஊகம்தான்: சென்ற ஆண்டின் 3 கிலோவில் பாதிக்கு மேல் நீராக இருந்திருக்கும், அது இறங்கும்வரை பொறுக்காமல் எல்லாம் போய்விட்டது என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பீர்கள், அந்த முடிவுதான் இரண்டு மாதங்களைத் தின்றிருக்கும். என் அறைக்கு வருபவர்களிடம் இதை மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன்.

விருந்தில் நாம் அதிகம் சாப்பிடுவதற்குக் காரணம் மன உறுதியின்மை என்று சொல்வது எளிது, ஆனால் அது பெரும்பாலும் சரியில்லை. ஒரே உணவைத் தொடர்ந்து உண்ணும்போது அந்தச் சுவையின் மீதான ஆசை குறைகிறது, வேறொரு சுவை வந்தால் மீண்டும் எழுகிறது. வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு இடம் இருப்பது இதனால்தான். வகைகள் கூடக் கூட உண்ணும் அளவு கூடுகிறது என்பதை உணவியல் ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் 1980களிலேயே சோதனைகளில் காட்டினார். பலரோடு சேர்ந்து உண்ணும்போது தனியாக உண்பதை விட அதிகம் உண்கிறோம் என்பதும் உணவுக் குறிப்பேடுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. உண்ணும் நேரம் நீள்வதே அதற்குப் பெரிய காரணம். பொட்டலத்தில் வரும் ஆலைத் தயாரிப்பு உணவுகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட சோதனையில், 20 பேரை நான்கு வாரங்கள் ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, விரும்பிய அளவு உண்ணலாம் என்று விட்டபோது, வீட்டுச் சமையலை ஒத்த உணவு கொடுத்த இரண்டு வாரங்களை விட ஆலை உணவு கொடுத்த இரண்டு வாரங்களில் நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாக உண்டார்கள். 20 பேர் சிறிய எண்ணிக்கைதான், ஆனால் உண்ட ஒவ்வொரு தட்டையும் அளந்து செய்த சோதனை என்பதால் அதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

இதிலிருந்து உங்களுக்குப் பயன்படுவது என்ன? எல்லா வகைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எப்போதும் கிடைப்பவற்றை விட்டு, அன்றைக்கு மட்டும் கிடைப்பவற்றில் மூன்று நான்கைத் தட்டில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பேச்சை உணவு மேசையிலிருந்து எழுந்து வந்து வேறிடத்தில் தொடருங்கள். பசியோடு போகாதீர்கள். இரவு விருந்துக்காகக் காலையும் மதியமும் பட்டினி கிடப்பவர்கள், கணக்கில் மிச்சப்படுத்தியதை முதல் அரைமணி நேரத்தில் இழந்துவிடுவதைத்தான் நான் பார்த்து வந்திருக்கிறேன். இதற்கு உறுதியான ஆய்வைச் சுட்டிச் சொல்லவில்லை, அனுபவத்தைச் சொல்கிறேன். ஆனால் விருந்தைப் பற்றி இவ்வளவு பேசுவதே சற்றுத் தவறான திசை. மூன்று வாரத்தில் 63 வேளைகள் இருக்கின்றன. நீங்கள் எழுதியிருக்கும் பயணத் திட்டத்தைப் பார்த்தால் அவற்றில் விருந்து என்று சொல்லத்தக்கவை எட்டோ பத்தோதான். மீதமுள்ள ஐம்பதுக்கு மேற்பட்ட வேளைகளில்தான் மிச்சமான இனிப்பு, வண்டியில் கொறிப்பது, நேரம் தவறிய காலை உணவு எல்லாம் நுழைகின்றன. விருந்து வேளைகளை மனத்தாங்கலின்றி உண்டுவிட்டு, மற்ற வேளைகளை வழக்கம்போலவே வைத்துக்கொள்ளுங்கள்: தட்டில் பாதி காய்கறி, ஒவ்வொரு வேளையிலும் புரதம் உள்ள ஏதாவது ஒன்று, தாகத்துக்குத் தண்ணீர். இனிப்புப் பெட்டி கண்ணில் படும் இடத்தில் திறந்து கிடக்கக்கூடாது என்பது மிகச் சாதாரணமான அறிவுரை. பதினெட்டு ஆண்டுகளில் இதைவிட நன்றாக வேலை செய்ததாக நான் பார்த்தவை மிகக் குறைவு.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை உங்களுக்குச் சொல்ல நல்ல செய்தி இருக்கிறது. முற்றிலும் நிறுத்தினால், மூச்சுத் தாங்கும் திறன் இரண்டு முதல் நான்கு வாரங்களில் குறையத் தொடங்குகிறது; தசையின் வலு அதை விட நன்றாகத் தாக்குப்பிடித்து ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை பெரிதாகக் குறைவதில்லை. இருப்பதைக் காப்பாற்றத் தேவைப்படும் உழைப்போ, அதைச் சேர்க்க ஆன உழைப்பில் ஒரு சிறு பங்குதான். உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்ஸன் 1980களில் வெளியிட்ட சோதனைகளில், வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்து வாரங்கள் கடுமையாகப் பயின்றவர்கள், அதன் பிறகு நாட்களை இரண்டாகக் குறைத்தாலோ, நாட்களை அப்படியே வைத்து நேரத்தை 13 நிமிடமாகக் குறைத்தாலோ, உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 15 வாரங்கள் வரை குறையவில்லை. குறைந்தது எப்போதென்றால், பயிற்சியின் கடுமையைத் தளர்த்தியபோது. எடைப் பயிற்சியிலும் 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதை ஒத்த முடிவையே தந்தது: வாரம் மூன்று நாள் செய்ததை ஒரே நாளாகக் குறைத்த இளம் வயதினருக்கு 32 வாரங்கள் கழித்தும் தசையின் அளவும் வலுவும் நின்றன; அறுபதைக் கடந்தவர்களுக்கு வலு பெரும்பாலும் நின்றாலும் தசை அளவு குறைந்தது. ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம், ஆனால் மூச்சிரைக்கும் அளவுக்கு. தண்டால், குந்துகை, படிக்கட்டில் வேகமாக ஏறி இறங்குவது ஆகியவற்றைச் சுற்றுச்சுற்றாகச் செய்ய எந்தக் கருவியும் வேண்டாம். உலக நலவாழ்வு அமைப்பு பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. ஒரு வாரம் அது 90 நிமிடமாகப் போனால் குற்ற உணர்வு கொள்ள ஒன்றுமில்லை.

அதோடு உணவுக்குப் பின் நடப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரிடம் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்ததை விட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்திய சர்க்கரை அளவு சராசரியாக 12 விழுக்காடு தாழ்ந்திருந்தது. இரவு உணவுக்குப் பின்தான் வேறுபாடு மிக அதிகம். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் 26 இளைஞர்களை ஒரு வாரம் வேண்டுமென்றே அதிகம் உண்ணவும் நடமாட்டத்தைக் குறைக்கவும் வைத்தார்கள். நாள்தோறும் 45 நிமிடம் ஓடியவர்களுக்கு, ஓட்டத்தில் செலவான கலோரியையும் உணவில் ஈடுகட்டிக் கொடுத்த பிறகும், இன்சுலின் செயல்பாடு மற்றவர்களைப் போலக் கெடவில்லை. உடற்பயிற்சியின் பலனை எடைக் கருவியின் எண்ணில் மட்டும் தேடக்கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். உண்ட இனிப்புக்குத் தண்டனையாக மறுநாள் இரண்டு மணி நேரம் ஓடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு வாரத்தில் முழங்காலோ மனமோ சலித்துப் போய் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இனி, உறுதியாகச் சொல்ல இயலாதவை. பிரிட்டனின் பர்மிங்ஹாமில் 272 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான சோதனையில், வாரம் இரு முறையாவது எடை பார்க்கச் சொல்லி, பத்துக் குறிப்புகளும், விருந்துணவுகளின் கலோரியைச் செலவழிக்க எவ்வளவு நேரம் உடலை வருத்த வேண்டும் என்ற பட்டியலும் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சராசரியாக 0.13 கிலோ குறைந்தது. பொதுவான நலவாழ்வுத் துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களுக்கு 0.37 கிலோ கூடியது. மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததால், பலன் தந்தது எது என்று அந்தச் சோதனையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. எடை பார்ப்பதுதான் முதன்மையான காரணம் என்று நான் எண்ணுகிறேன். கலோரிக்கு ஈடான நிமிடங்களின் பட்டியலை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அதிகம் உண்டால் யாருக்கு எவ்வளவு ஏறும் என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். 1999இல் வெளியான ஒரு சோதனையில் 16 பேரை எட்டு வாரங்கள் நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாக உண்ண வைத்தபோது, சேர்ந்த கொழுப்பு ஒருவருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகவும் இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேலாகவும் இருந்தது. உங்கள் உறவினர் எதை உண்டாலும் ஒல்லியாகவே இருக்கிறார் என்று நீங்கள் எழுதியிருந்தது உண்மையாகவே இருக்கலாம். அதிலிருந்து உங்களுக்கான பாடம் எதுவும் கிடைக்காது. விடுமுறைக்குப் பின் நச்சு நீக்கும் சாறு குடித்து மூன்று நாட்கள் இருப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையை நாள்தோறும் செய்கின்றன. சாறு அதற்கு உதவுகிறது என்று காட்டும் நம்பத்தக்க சான்று எதையும் நான் கண்டதில்லை. அதில் இறங்கும் எடை முன்னர் சொன்ன நீர்தான்.

எடையைத் தவிர்த்த சிலவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விடுமுறையைக் கெடுப்பவை பெரும்பாலும் இவைதாம். தூக்கத்தை விட்டுவிடாதீர்கள். நலமான 164 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுகளாக விட்டுப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இரவில் 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைப் போல நான்கு மடங்கு வாய்ப்பில் சளி பிடித்தது. இரவு எவ்வளவு நேரமானாலும் எழும் நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல், பகலில் சிறு உறக்கம் போட்டுக்கொள்வது நான் பின்பற்றும் வழி. சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மிச்சத்தை 70 டிகிரி செல்சியசுக்கு மேல், ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே உண்ணுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகிறது. நலமாக இருப்பவருக்கு அப்போதும் அது மிகக் குறைவான வாய்ப்புதான், ஆனால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. மது அருந்துபவராக இருந்தால், ஒரே அமர்வில் மிகுதியாகக் குடித்தவர்களுக்கு விடுமுறை நாட்களில் இதயத் துடிப்பு தாறுமாறாவதை மருத்துவர்கள் 1978இலேயே விவரித்து, அதற்கு விடுமுறை இதய நோய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நான் சொன்னவை எல்லாம் உங்களைப் போல் நலமாக இருப்பவர்களுக்குப் பொருந்தும். உடன் பயணம் செய்யும் பெற்றோருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கான அளவுகளை அவர்களின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் விருந்துக்காக வேளையைத் தவறவிட்டால் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். மாத்திரைகளைக் கூடுதல் நாட்களுக்கும் சேர்த்து, சரக்கில் போடும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். சுவீடனில் 1998 முதல் 2013 வரையிலான ஏறத்தாழ 2,83,000 மாரடைப்புகளை ஆராய்ந்தபோது, கிறிஸ்துமசுக்கு முந்திய நாளில் 37 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 75 வயதைக் கடந்தவர்களிடமும், நீரிழிவோ இதய நோயோ ஏற்கெனவே உள்ளவர்களிடமும் அந்த ஏற்றம் அதிகம். உணவா, அலைச்சலா, மன உளைச்சலா காரணம் என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. நெஞ்சு வலியையோ மூச்சுத் திணறலையோ விருந்தின் அசீரணம் என்று நினைத்து விடியும்வரை பொறுத்திருக்கக்கூடாது என்பது மட்டும் தெளிவு. இதயச் செயலிழப்புக்கு மருந்து எடுப்பவருக்கு மூன்று நாட்களில் 2 கிலோ ஏறினால் அது நாம் மேலே பேசிய நீர் அன்று. அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும்.

கடைசியாக, எடைக் கருவியை உடன் எடுத்துச் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடிக்கடி எடை பார்ப்பது பலருக்கு உதவலாம் என்று மேலே சொன்னேன்; ஆனால் நீரால் ஏறும் எண்ணைப் பார்த்து மனம் தளரக்கூடிய உங்களுக்கு வேண்டாம். கிளம்பும் நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். திரும்பி வந்த மறுநாள் பார்க்காமல், வழக்கமான உணவுக்கு வந்து ஏழு நாட்கள் கழித்துப் பாருங்கள். அந்த எண்தான் உண்மைக்கு அருகில் இருக்கும். ஒரு கிலோவுக்குள் இருந்தால் வழக்கமான பயிற்சியே போதும், கூடுதலாக எதுவும் வேண்டாம். எண்ணைப் பார்ப்பதே உங்களை உண்ணாமல் இருக்கவோ அளவுமீறி உண்ணவோ தள்ளும் என்றாலோ, முன்பு உணவு தொடர்பான மனநலச் சிக்கல் இருந்திருந்தாலோ, இதையும் விட்டுவிட்டு இடுப்பு வாரின் துளையை வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்முக்குத் திரும்பும் நாளை இப்போதே குறித்து, உடன் பயில்பவர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். முதல் இரண்டு நாட்கள் முன்பு தூக்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் தூக்கினால் போதும்; மூன்றாம் நாள் தசைவலி எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.